இடப்பக்கமாகவே

பொங்கல் கழிந்து எட்டாம் நாள்
கொளத்தூர் மின்வாரியக் கவுண்டரில்
ரசீது இயந்திரம் காகிதத்தை மென்றுகொண்டிருந்த
கால்மணி நேரத்தில் முடிவு செய்தேன்:
மாதம் ஒன்றை விடுவது,
முடிந்தால் ஒன்றைப் பிடிப்பது.
சாட்சி, பக்கத்துக் கவுண்டர் ஜெசிந்தா.
பந்தயம் ஒரு சுடிதார் துணி.

முதலில் சர்க்கரை.
இரண்டாம் நாளே டீக்கடை முஸ்தபா
கைப்பழக்கத்தில் போட்டுவிட்டார்.
சொன்னால் கொட்டிவிட்டு வேறு போடுவார், பாவம்
என்று குடித்து முடித்தேன்.
அத்தனை இரக்கம்
அதற்கு முன்பு எனக்கு வந்ததில்லை.

மாசியில் லிஃப்ட்.
மூன்று மாடியும் படியேறித்தான் போனேன்.
எங்கள் லிஃப்ட் பழுதாகி
எட்டு மாதம் ஆகிறது என்பதை
ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.

பங்குனியைக் கேட்காதீர்கள்.
மார்ச், வசூல் மாதம்.

சித்திரையில் பச்சைத் தண்ணீர்க் குளியல்.
சித்திரையில் சென்னையில்
பச்சைத் தண்ணீருக்கு எங்கே போவது?
மொட்டைமாடித் தொட்டியிலிருந்து
ரசம் மாதிரி இறங்கி வந்தது.
ஜெயமா தோல்வியா தெரியவில்லை.
சும்மா ஒரு கோடு போட்டுவைத்தேன்.

வைகாசியில்தான் மாட்டிக்கொண்டேன்.
'புலம்பக் கூடாது' என்று எழுதியிருந்தேன்.
தண்ணீர் லாரி வரவில்லை. சொல்லவில்லை.
வலது முழங்கால். சொல்லவில்லை.
நாத்தனார் தன் மகள் வளைகாப்புக்கு
வாட்ஸ்அப்பில் மட்டும் அழைத்தது
தொண்டைவரை வந்தது,
மோர் குடித்து அமுக்கினேன்.

நாலாம் நாள் வீடு
கரண்ட் போன மாதிரி இருந்தது.
தணிகாசலம் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்,
"உடம்புக்கு ஏதாவதா?"
ஒன்பதாம் நாள்,
"என்மேல கோவமா?"
பதினேழாம் நாள் அவரே ஆரம்பித்தார்:
லாரிக்காரன் யோக்கியதை,
என் முழங்கால்,
அவர் தங்கச்சிக்கு வந்த கொழுப்பு,
எல்லாம் என் வார்த்தையில்,
என் இழுவையோடு.

இருபத்திரண்டு வருடமாக
சுவரிடம் பேசுவதாக நினைத்திருந்தேன்.
அன்று நோட்டை எடுத்தேன்,
எங்கே கோடு போடுவதென்று தெரியாமல்
மூடி வைத்தேன்.

ஆடியில் சைக்கிள்.
கீழ்வீட்டுப் பையனுடையது, கியர் வேறு.
நாற்பத்தாறு வயதுப் பெண் விழுவதைப் பார்க்க
தெரு விழித்திருக்கக் கூடாதென்று
இரவு பத்தரைக்கு மேல் இறக்குவேன்.
நாய்கள் மட்டும் உடன் வந்தன,
முதலில் குரைக்க, பிறகு துணைக்கு.
நேராகப் போக வந்துவிட்டது.
இடப்பக்கம் திரும்ப வந்துவிட்டது.
வலப்பக்கம் மட்டும்
கை ஒன்று சொல்ல, சக்கரம் ஒன்று கேட்டது.
ஒருநாள் பெரவள்ளூர்வரை போய்விட்டு
இடம், இடம் என்றே தெருத்தெருவாகச் சுற்றி
பன்னிரண்டரைக்கு வீடு சேர்ந்தேன்.

ஐப்பசியில் படுக்கையில் போன் கிடையாது.
அந்த ஐப்பசியில்தான் அந்த மழை.
முழங்கால் தண்ணீரில் தெரு இருட்டிக் கிடக்க
எல்லாருக்கும் என் நம்பர் ஞாபகம் வந்தது.
"அக்கா, கரண்ட் எப்ப வரும்?"
நான் பில் போடுகிறவள், சாமி.
இருந்தாலும் விடிய விடிய எடுத்துப் பேசினேன்.
தெரியாது என்பதையே
முப்பது விதமாகச் சொன்னேன்.

மார்கழியில் ஜெசிந்தா நோட்டைப் புரட்டினாள்.
அழித்த கோடுகள், அடித்த கோடுகள்,
எண்ணெய்க் கறை,
ஒரு பக்கத்தில் மளிகைப் பட்டியல்.
"பாதிதான் தேறும்" என்றாள்.
மறுநாள் கவரைத் திறந்தால்
ரவிக்கைத் துணி.

இப்போதும் வலப்பக்கம் வரவில்லை.
இறங்கி, தூக்கித் திருப்பி, ஏறிக்கொள்கிறேன்.
முஸ்தபாவிடம் அரைச் சர்க்கரையில் நிற்கிறது.
தணிகாசலம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு
கேட்டில் நின்று தொடங்குகிறார்:
செயினுக்கு எண்ணெய் இல்லை,
லைட் இல்லை, இந்தப் பனியில் இதெல்லாம் தேவையா...

முழுக்கக் கேட்டாக வேண்டுமே என்று
அவரை ஒட்டியே போகிறேன்,
இன்னொரு சுற்று.